அய்யனார் கொடுத்த விதை, ஊர் போட்ட வேலி



முப்பத்தேழு வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன் நான். 2017-ல் ஓய்வு பெற்றதும், கைக்கு வந்த பணத்தில் மரக்காணம் பக்கம் நாலரை ஏக்கர் வாங்கினேன். மூன்று ஏக்கரில் நெல்லும் மணிலாவும். ரசாயனம் போடுவதில்லை. மீதி ஒன்றரை ஏக்கர், ஓடை ஓரத்து மேட்டு நிலம். அதில் காடு வளர்க்கிறேன். தேக்கு, மகோகனித் தோப்பு இல்லை. இந்த மண்ணில் ஒரு காலத்தில் என்ன காடு இருந்ததோ, அந்தக் காடு.

பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். “எத்தனை கன்னு வெச்சீங்க சார்?” முதல் வருஷம் நானும் அந்தக் கணக்கைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது எனக்கு அது தப்பான கேள்வியாகப் படுகிறது. வைத்த கன்றை யார் காப்பாற்றுவார்கள், காப்பாற்றுகிறவர்களுக்கு என்ன கிடைக்கும் என்பதுதான் கேள்வி. அதைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருஷமும் ஐந்நூறு கன்றும் செலவாயின. நீங்களாவது சீக்கிரம் புரிந்துகொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் எழுதிய ‘பயனற்ற புதர்’

1985 வாக்கில் இதே வட்டாரத்தில் ஒரு கிராமக் கிளையில் கள அதிகாரியாக இருந்தேன். மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் நிலத்தைப் பார்த்து, கடன் கொடுக்கலாமா என்று அறிக்கை எழுதுவது என் வேலை. சவுக்குப் போட, முந்திரி போட, போர் இறக்க எல்லாவற்றுக்கும் கடன். மேட்டு நிலங்களில் முள்ளும் செடியுமாக அடர்ந்து கிடக்கும். “தரிசு, பயனற்ற புதர் மண்டியது, அகற்றிப் பயிர் செய்யத் தக்கது” என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். இப்படி எத்தனை அறிக்கை எழுதியிருப்பேன் என்று எனக்கே நினைவில்லை. அந்த வருஷ இலக்கை முடித்ததற்குப் பாராட்டுக் கடிதம் வந்தது மட்டும் நினைவிருக்கிறது.

யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. கையெழுத்து என்னுடையது.

அந்தப் புதரில் இருந்த செடிகளின் பெயர் எனக்கு அப்போது தெரியாது. இப்போது தெரியும். காயா, வீரை, களா, கொஞ்சி, காட்டு எலுமிச்சை. பெருமாளைக் காயாம்பூ வண்ணன் என்கிறோமே, அந்தக் காயா. கிளையெல்லாம் நீலமும் ஊதாவுமாகப் பூத்து நிற்கும் செடியைத்தான் பயனற்றது என்று எழுதியிருக்கிறேன். வெட்டி வெட்டி விறகுக்கு எடுத்ததால் அவை புதர் மாதிரி இருந்தன. உண்மையில் அது அடி வெட்டுப்பட்ட காடு. வேர் உயிரோடு இருந்தது. பத்து வருஷம் சும்மா விட்டிருந்தால் தானே எழுந்திருக்கும்.

இந்தக் காட்டுக்கு அறிவியல்காரர்கள் வைத்த பெயர் வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. பெயர் நீளம், விஷயம் எளிது. சோழமண்டலக் கடற்கரையை ஒட்டி, ஆந்திராவிலிருந்து ராமநாதபுரம் வரை ஒரு நாடா மாதிரி ஓடிய காடு இது. இந்தப் பகுதியில் மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். தை முடிந்தால் ஆறு மாதம் காய்ச்சல்தான். அவ்வளவு காய்ச்சலிலும் இந்தக் காட்டு மரங்களில் பெரும்பாலானவை இலையை மொத்தமாக உதிர்ப்பதில்லை. சின்ன இலை, தடித்த இலை, மேலே மெழுகு பூசியது போலப் பளபளப்பு. உயரமும் அதிகம் இல்லை. முப்பது, நாற்பது அடிக்குள் அடங்கிவிடும். மேலே பாலை, வீரை, நாவல், மகிழம், கருங்காலி. நடுவில் காயா, காட்டு எலுமிச்சை. கீழே கொஞ்சி, களா. ஊடே கொடிகள். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடு போலப் பிரமாண்டம் கிடையாது. அதனால்தான் அதிகாரி கண்ணுக்குக் காடாகவே தெரியவில்லை.

சாமி இருந்த இடம் தப்பித்தது

இன்று இந்தக் காடு துண்டு துண்டாகத்தான் மிஞ்சியிருக்கிறது. கோடியக்கரை, கிண்டி போன்ற அரசுக் காடுகளில் கொஞ்சம். மற்றபடி பெரும்பாலும் கோயில் காடுகள்தான். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் போகும் வழியில் கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு இருக்கிறது. பார்க்காதவர்கள் ஒரு முறை போய்ப் பாருங்கள். சித்திரை வெயிலில் சாலையில் நிற்க முடியாது. காட்டுக்குள் பத்தடி வைத்தால் மேல் குளிர்ந்துவிடும். கடலூர்ப் பக்கமும் புதுக்கோட்டைப் பக்கமும் இப்படி நிறையக் கோயில் காடுகள் உண்டு. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் பல்கலைக்கழகமும் இவற்றில் என்னென்ன மரம் இருக்கிறது என்று பல வருஷமாகக் கணக்கெடுத்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்குக்கெல்லாம் முன்னால் காப்பாற்றி வைத்தது, குச்சி ஒடித்தாலும் அய்யனார் சும்மா விடமாட்டார் என்று நம்பிய ஜனங்கள்.

எங்கள் ஊரிலும் ஒரு சின்ன அய்யனார் தோப்பு இருக்கிறது. அரை ஏக்கர்கூட வராது. ஆனால் அதில் நாலு பாலை மரம். பாலை என்றால் உலக்கை செய்கிற உலக்கைப்பாலை. ஒரு ஆள் கட்டிப் பிடிக்க முடியாத அடி. என் பாட்டன் காலத்துக்கும் முந்திய மரமாக இருக்கும். என் காட்டின் விதை மூட்டை அந்தத் தோப்புதான்.

விதை பொறுக்கப் பூசாரியிடம் அனுமதி கேட்டேன். “கீழ விழுந்தத எடுத்துக்கங்க சார். மரத்துல மட்டும் கை வெக்காதீங்க” என்றார். பக்திக்காகச் சொன்னார். ஆனால் விதை சேகரிக்கும் முறையும் அதுதான். பழுத்துத் தானே விழுந்த பழத்தில் உள்ள விதைதான் முற்றிய விதை.

செம்மண் மேட்டில் ஐம்பது வருஷம்

காடு போன இடத்தில் காடு திரும்ப வருமா என்ற சந்தேகம் உள்ளவர்கள் ஆரோவில்லைப் பார்க்கலாம். 1968-ல் அந்த நகரம் தொடங்கியபோது அந்தச் செம்மண் மேட்டில் பனையும், அங்கங்கே வேம்பும் ஆலும்தான். மழை வந்தால் மண் கரைந்து சிவப்பாகக் கடலுக்கு ஓடும். பள்ளத்தாக்கு மாதிரி அரிப்பு ஓடைகள். இரும்பை ஊரில் கேட்டால் கடுவெளிச் சித்தர் சாபம் என்பார்கள். சித்தரை அவமதித்ததால் இங்கே பச்சை முளைக்காமல் போயிற்றாம். சாபம் கதையாக இருக்கலாம். மரத்தை வெட்டிய பிறகு மண் நிற்காது என்பது கதை இல்லை.

அங்கே வந்து குடியேறியவர்கள் முதலில் செய்தது நடவு அல்ல, வரப்பு. மேட்டில் விழும் மழையை மேட்டிலேயே நிறுத்த, சரிவுக்குக் குறுக்கே மண் வரப்பு போட்டார்கள். வரப்பு போட்டதும் குழி எடுத்ததும் தலையில் தண்ணீர் சுமந்து ஊற்றியதும் குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, கோட்டக்கரை, ஆலங்குப்பம் போன்ற சுற்றுவட்டார ஊர்ச் சனங்களும் சேர்ந்துதான். பிறகு கத்திச் சவுக்கு மாதிரி வேகமாக வளரும் வெளிநாட்டு மரங்களை வைத்து நிழல் உண்டாக்கினார்கள். அந்த நிழலில், கோயில் காடுகளில் பொறுக்கிய விதையில் வளர்த்த நாட்டு மரங்களை வைத்தார்கள். 1973-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஜாஸ் புரூக்ஸ் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் காடு இந்த வேலையில் முன்னோடி. சென்னை அடையாறில் குப்பை மேடாகக் கிடந்த இடத்தைத் தொல்காப்பியப் பூங்காவாக மாற்றியதும் அவர்கள் குழுதான். கழுவெளி ஏரிப் பக்கம் நடுக்குப்பத்தில் பள்ளிப் பிள்ளைகளோடும் பெண்கள் குழுக்களோடும் சேர்ந்து இதே காட்டை வளர்க்கிறார்கள். நம் இயக்கத்து ஆட்களுக்கு ஆரோவில் புதிதல்ல. நம்மாழ்வார் ஐயாவே அங்கிருந்த பெர்னார்டிடம் பல விஷயம் கற்றுக்கொண்டதாகச் சொல்லுவார்.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை ஏறியது. மணிக்கு 120 கிலோமீட்டரைத் தாண்டிய காற்று. நான் அப்போது கடலூர்ப் பக்கம் ஒரு கிளையில் இருந்தேன். பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு பெயர்ந்து கிடந்ததைப் பார்த்தேன். தலைமுறையாகச் சேர்த்த சொத்து ஒரே ராத்திரியில் போன விவசாயி என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் இருந்திருக்கிறார். ஆரோவில்லிலும் ஏகப்பட்ட மரம் போயிற்று. ஆனால் விழுந்ததில் பெரும்பங்கு வேகமாக வளர்ந்த கத்திச் சவுக்கு மாதிரி மரங்கள். அதற்கடியில் மெதுவாக வளர்ந்த நாட்டு மரங்கள் பெரும்பாலும் நின்றன. காற்றுக்கு வளைந்து கொடுக்கும் குள்ள உடம்பு, ஆழமான வேர். இந்தக் கடற்கரைக்குப் புயல் புதிதா என்ன? புயலோடு பழகிய மரங்கள் அவை. நான் கடன் கொடுத்து ஊன்றவைத்தது விழுந்தது, நான் அகற்றச் சொன்னதன் சொந்தக்காரர்கள் நின்றார்கள். ஓய்வு பெற்றதும் காடு வளர்க்க வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்குத்தான் வந்தது.

என் கம்பி வேலி

2018 தை மாதம் நல்ல நாள் பார்த்து அறுநூறு கன்று நட்டேன். சுற்றி முள்கம்பி வேலி. ஊரில் யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் பட்டா நிலம், என் பணம்.

மறுநாள் காலை ஒரு ஆயா ஆட்டோடு வந்து வேலிக்கு வெளியே நின்றார். “இன்னா சார், வழிய அடைச்சிட்டீங்க? ஆடு ஏரிக்கு எப்பிடிப் போவும்?”

“இது என் பட்டாம்மா” என்றேன்.

“பட்டா உங்களுதுதான். யாரு இல்லன்னா? ஆனா எங்க ஆயா காலத்துலேர்ந்து ஆடு போற வழியாச்சே.”

நான் பதில் சொல்லவில்லை. ஒரு மாதத்தில் இரண்டு இடத்தில் கம்பி அறுந்திருந்தது. சரிசெய்தேன். மறுபடி அறுந்தது. ஆடி மாதம் எண்ணிப் பார்த்தால் எழுபது கன்று உயிரோடு இருந்தது.

ஆட்டின் மேல்தான் எல்லாப் பழியையும் போட்டேன். போலீசில் புகார் கொடுக்கலாமா என்றுகூட யோசித்தேன். அப்புறம் நிதானமாக ஒவ்வொரு குழியாகப் பார்த்தேன். ஆடு கடித்தது பாதிகூட இல்லை. காய்ந்து செத்தவைதான் அதிகம். மழைக்காலம் முடிந்து தை மாதத்தில் நட்டால் வேர் பிடிப்பதற்குள் வெயில் வந்துவிடும் என்பது ஆடு மேய்க்கும் சின்னப் பையனுக்கும் தெரியும். எனக்குப் பஞ்சாங்கம்தான் தெரிந்தது.

இரண்டு கூட்டம்

சரி, ஊரைக் கூட்டிப் பேசுவோம் என்று முடிவு செய்தேன். அய்யனார் கோயில் எதிரே கூட்டம். பன்னிரண்டு பெரியவர்கள் வந்தார்கள். பத்து நிமிஷத்தில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். “நல்ல காரியம் சார், யாரும் ஆடு வுடக் கூடாதுன்னு சொல்லிடறோம்.” டீ குடித்துவிட்டுக் கலைந்தோம். அடுத்த வாரம் வேலி மறுபடி அறுந்தது.

ஏன் என்று புரிய எனக்குப் பல நாள் ஆயிற்று. கூட்டத்துக்கு வந்த பன்னிரண்டு பேரில் ஒருத்தர் வீட்டிலும் ஆடு கிடையாது. ஆடு வைத்திருப்பது காலனிக்காரர்கள். அவர்களை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் அந்த இடத்தில் சமமாக உட்கார்ந்திருக்க முடியாது. நான் ஊர்க் கூட்டம் என்று நினைத்தது பாதி ஊரின் கூட்டம். காடு போனதால் நஷ்டப்பட்டது மீதிப் பாதி. நிலம் இல்லாதவர்களுக்கு மேய்ச்சலும் விறகும்தானே காடு.

இரண்டாவது கூட்டத்தை ஓடைக் கரையில் புங்க மரத்தடியில், நூறு நாள் வேலை முடிந்து வருகிற நேரத்தில் வைத்தேன். இரண்டு பக்கத்திலிருந்தும் வந்தார்கள். பெண்கள்தான் அதிகம். ஆடு என் கன்றைத் தின்ற கதையை நான் கொஞ்சம் காரமாகவே ஆரம்பித்தேன். பின்னாலிருந்து ஒரு பெரியவர் கேட்டார்: “அந்த ஆட்டுக்கு லோன் குடுத்தது யாரு? நீங்கதான சார்? பத்து ஆடு, ஒரு கெடா.”

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. நிஜம்தான். எண்பதுகளில் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டத்தில் மானியத்தோடு ஆட்டுக் கடன் கொடுத்தோம். ஒரு கையால் புதரை அகற்றக் கடன், இன்னொரு கையால் புதரை மேய ஆட்டுக்குக் கடன். மேய்ச்சல் எங்கே என்று அன்றைக்கு எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் இல்லை. வழியை மறித்ததாகக் கேட்ட அதே ஆயா அந்தக் கடன் வாங்கியவர்களில் ஒருவர். கடைசித் தவணை வரை கட்டி முடித்தவர்.

அன்றைக்குப் பேசி முடித்தவை

அந்தக் கூட்டத்திலும் அதற்குப் பின்னால் மூன்று நாலு தடவையும் பேசி இப்படி ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம்.

ஒன்று, தெற்கு ஓரமாகப் பன்னிரண்டு அடி அகலத்தில் ஆட்டு வழி. அது எப்போதும் திறந்திருக்கும். கம்பி வேலியை எடுத்துவிட்டு, வழியின் இரண்டு பக்கமும் கிளுவை நட்டு உயிர்வேலி. உள்வரிசையில் ஆடு தொடாத நொச்சியும் ஆடாதோடையும்.

இரண்டு, காட்டுக்குள் ஐந்து வருஷம் மேய்ச்சல் இல்லை. ஆனால் கார்த்திகை முதல் மாசி வரை உள்ளே வளரும் புல்லை ஆடு வைத்திருப்பவர்கள் அறுத்துக்கொண்டு போகலாம், காசு கிடையாது. இதில் எனக்குத்தான் லாபம் அதிகம். புல் காய்ந்து நின்றால் ஒரு பீடி நெருப்புப் போதும், காடு போய்விடும். அவர்கள் அறுத்துப் போவதால் தீப்பயம் இல்லை.

மூன்று, ஆட்டு வழியை ஒட்டி அகத்தி, வாகை, கல்யாண முருங்கை. மூன்றாம் வருஷத்திலிருந்து கோடையில் தழை ஒடித்துக்கொள்ளலாம்.

நான்கு, தானாக விழுந்த காய்ந்த விறகு, கோடையில் தீக் காவல் பார்க்கும் வீடுகளுக்கு.

ஐந்து, விதை பொறுக்கி நாற்று வளர்க்கும் வேலை ஆறு பெண்களுக்கு. அவரவர் வீட்டுக் கொல்லையிலேயே வளர்ப்பார்கள். நட்டு ஒரு வருஷம் கழித்து உயிரோடு இருக்கும் கன்றுக்கு விலையில் பாதி, நாற்றாக வாங்கும்போது பாதி. இது என் வங்கிப் புத்தி. ஆனால் இதனால்தான் நட்ட பிறகும் அவர்களே வந்து கன்றைப் பார்க்கிறார்கள்.

அந்த வருஷத்துக்குப் பிறகு உயிர்வேலியில் ஒரு கிளையும் அறுபடவில்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு முறை ஆடு புகுந்தது. இரண்டு முறையும் ஆட்டுக்காரர்களே ஓட்டிவிட்டார்கள், எனக்குத் தெரிவதற்கு முன்னால்.

விதையும் நடவும்

செய்ய நினைப்பவர்களுக்காக, நாங்கள் அடிபட்டுக் கற்றதைச் சொல்கிறேன்.

சதைப் பழ மரங்களான பாலை, நாவல், வீரை, மகிழம், காயா இவற்றின் விதையைச் சேர்த்து வைக்கவே கூடாது. சதையைக் கழுவி, நிழலில் ஈரம் உலர்த்தி, அந்த வாரத்திலேயே விதைத்துவிட வேண்டும். வெயிலில் காயப்போட்டால் உள்ளே உயிர் போய்விடும். முதல் வருஷம் ஒரு படி நாவல் கொட்டையை மாடியில் காயவைத்துக் கெடுத்தேன்.

வாகை, உசில், சரக்கொன்றை மாதிரி தோல் தடித்த விதைகளை வைத்திருக்கலாம். விதைக்கும் முன் கொதித்து இறக்கிய வெந்நீரில் போட்டு, அப்படியே ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டும். வேல மரத்துக்கு ஆயா வேறு வழி சொன்னார். “நெத்து தின்ன ஆடு பட்டியில படுக்குது இல்ல? காலைல பட்டியக் கூட்டுனா வெத கெடைக்கும். வெந்நீரு எதுக்கு?” ஆட்டு வயிற்றிலேயே தோல் பதமாகிவிடுகிறது. செலவே இல்லை.

நடவு புரட்டாசிக் கடைசியில் அல்லது ஐப்பசியில், இரண்டு நல்ல மழை இறங்கி மண் நனைந்த பிறகு. அதற்கு முன், கோடை மழைக்கு முன்பே, சரிவுக்குக் குறுக்கே வரப்பு. ஓடைப் புறம்போக்கை ஒட்டிய கரையில் கிராம சபையில் தீர்மானம் போட்டு நூறு நாள் வேலையில் தடுப்பு வரப்புப் போட்டார்கள். குழியில் மட்கிய எரு. நட்ட பின் கன்றைச் சுற்றி ஒரு சாண் கனத்துக்கு மூடாக்கு. மாதம் ஒரு முறை அமுதக் கரைசல். முதல் இரண்டு கோடைக்கு மட்டும் உயிர்த்தண்ணீர்.

எல்லா மரத்தையும் ஒரே வருஷத்தில் வைக்கவில்லை. முதலில் வெயில் தாங்கும் புங்கன், வேம்பு, உசில், வாகை. அவை தலைக்கு மேல் போன பிறகு, அந்த நிழலில் பாலை, வீரை, காயா, கருங்காலி. கத்திச் சவுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டோம். அது விதை பரப்பிப் பின்னால் தொல்லை கொடுக்கும்.

இருக்கும் பனையை வெட்டாதீர்கள். பழம் தின்ற கொண்டைக்குருவி வந்து உட்கார்ந்து எச்சம் போடுகிற இடம் அது. எங்கள் நிலத்தில் பனையடியில் நாங்கள் வைக்காத வேம்பும் களாவும் கொஞ்சியும் முளைத்திருக்கின்றன. நாம் வைத்ததைவிட அவை நன்றாகவே வருகின்றன.

ஃபெஞ்சல் வைத்த பரீட்சை

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் ஓடை நிலத்துக்குள் ஏறியது. சம்பா நெல் முழுக்கச் சாய்ந்துவிட்டது. அந்த வருஷம் நெல் எனக்கு நஷ்டம்தான். தடுப்பு வரப்பில் ஒரு இடம் உடைந்து, பள்ளத்துப் பக்கம் நாற்பது கன்றை வாரிக்கொண்டு போனது.

தண்ணீர் வடிந்த பிறகு ஆயாவும் நானும் ஆட்டு வழியில் நடந்தோம். காட்டுக்கு மேற்கே மணிலாக் கொல்லையில் மண் அரித்துக் கோடு கோடாக ஓடியிருந்தது. காட்டுக்குள் சருகு இடம் மாறியிருந்தது, மண் இருந்த இடத்தில் இருந்தது. கிளுவை வேலி சேற்றில் பாதி மூழ்கியும் சாயவில்லை.

தை மாதம் எண்ணினோம். ஊரோடு பேசிய பிறகு நட்டது தொள்ளாயிரம், இருப்பது அறுநூற்று நாற்பது. புங்கனும் உசிலும் பதினாலு அடி. காயா என் முழங்காலுக்கு மேலே, முதல் பூ பூத்திருக்கிறது. பாலை இப்போதுதான் இடுப்பளவு. அது உலக்கைக்கு ஆகிற அளவைப் பார்க்க நான் இருக்க மாட்டேன்.

வருமானம் என்ன என்று கேட்பீர்கள். காட்டிலிருந்து எனக்கு நேராக ஒரு ரூபாயும் வரவில்லை. சித்திரையில் கிணற்றுத் தண்ணீர் முன்பைவிட இரண்டு முழம் கூடுதலாக நிற்கிறது. அது காட்டாலா, வரப்பாலா, மழை நன்றாகப் பெய்ததாலா என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. நெல் வயலில் கரிச்சானும் மைனாவும் நிறைய இறங்குகின்றன, புழு குறைந்திருக்கிறது. ஆயா கணக்கு வேறு. “கோடையில தழை வாங்க வேலியூரு வரைக்கும் போவேன் சார். இப்ப போறதில்ல.” அந்த வரவு என் கணக்குப் புத்தகத்தில் வராது.

எனக்குப் பிறகு

ஊர்ப் பெயரை நான் எழுதாததற்குக் காரணம் உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலை பக்கத்தில் இருக்கிறது. மாதம் ஒரு தரகர் வந்து, “அந்த ஒன்றரை ஏக்கர் சும்மாதான சார் கெடக்குது?” என்கிறார். நாற்பது வருஷம் முன்னால் நான் எழுதிய அதே வாசகம். என் பையன் பெங்களூரில் இருக்கிறான். நல்ல பையன்தான், ஆனால் அவனுக்கு இங்கே வேர் இல்லை.

பூசாரி ஒரு யோசனை சொன்னார். காட்டு முனையில் அய்யனாருக்கு ஒரு கல் நட்டுவிடுங்கள், சாமி காடு என்றால் எவனும் வெட்ட மாட்டான் என்று. எனக்கும் சரி என்றுதான் பட்டது. புத்துப்பட்டுக் காடு நின்றது அப்படித்தானே. ஆயாவிடம் சொன்னேன். அவர் ஆட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “சாமி பேரு வெச்சிட்டா அப்புறம் எங்கள உள்ள வுடமாட்டாங்க சார். புல்லு அறுக்க யாரு போறது?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. கல் நடும் யோசனையைக் கைவிட்டேன். அதற்குப் பதிலாக ஆட்டு வழி, புல் உரிமை, விறகு உரிமை, வெட்டத் தடை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, வரும் அக்டோபர் 2 கிராம சபையில் வைக்கப் போகிறோம். என் உயிலிலும் அதே வாசகம். தீர்மானம் மட்டும் காட்டைக் காப்பாற்றிவிடாது என்று எனக்கும் தெரியும். கோடையில் தழை ஒடிக்க வரும் பத்து வீடு இருக்கும்வரை தரகருக்குப் பதில் சொல்ல ஆள் இருக்கும். அதை நம்பித்தான் இருக்கிறேன்.

இந்த ஐப்பசியில் நாட்டு மரம் வைக்க நினைக்கிற நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கன்று வாங்குவதற்கு முன்னால், உங்கள் நிலத்தின் வழியாக யார் ஆடு போகிறது என்று பாருங்கள். ஒரு நாள் அந்த ஆட்டின் பின்னால் நடந்து பாருங்கள். எங்கே வேலி போட வேண்டும், எங்கே போடக் கூடாது, எந்த மரம் எங்கே தானாக முளைத்திருக்கிறது எல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். எனக்கு அது தெரியாமல் போனதற்கு ஐந்நூற்று முப்பது கன்று விலை கொடுத்தேன்.